200 மூட்டை யூரியா, 180 வெள்ளைச் சாக்கு: மானிய உரம் திசைமாறிய ஒரு நிகழ்வு ஆய்வு

கேரள எல்லையை ஒட்டிய ஒரு மேற்கு மாவட்ட வட்டாரத்தில் நடந்தது இது. தென்னைதான் அங்கே முதன்மைப் பயிர். ஊர், கடை, ஆட்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை. உர ஆய்வாளர்களுக்கும், வேளாண் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகப் பதிவு செய்கிறோம்.

பின்னணி

45 கிலோ யூரியா மூட்டையின் அதிகபட்ச விற்பனை விலை 266 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு. உலகச் சந்தை உச்சத்தில் இருந்த 2022-ல் ஒரு மூட்டையின் உண்மைச் செலவு 2,000 ரூபாயைத் தாண்டியது. மிச்சத்தை மத்திய அரசு மானியமாக உற்பத்தி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பணம், கடையில் உள்ள பிஓஎஸ் கருவியில் ஆதார் ரேகை வைத்து விற்பனை பதிவான பிறகே நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைக்கும் விற்பனைக் கழிவு (கமிஷன்) டன்னுக்கு 354 ரூபாய், அதாவது மூட்டைக்கு ஏறக்குறைய 16 ரூபாய். 200 மூட்டையை ஒழுங்காக விற்றால் 3,200 ரூபாய் கூடத் தேறாது. கடை வாடகையும் ஆள் கூலியும் இதிலிருந்துதான் போக வேண்டும். வெளியே விற்றால் ஒரு மூட்டையிலேயே நூற்றுக்கணக்கில் நிற்கும். மற்ற எல்லாமே இந்த இடைவெளியிலிருந்து கிளைத்தவை.

வெளியே யாருக்கு? பிளைவுட் ஒட்டும் பசைக்கு யூரியாவும் ஃபார்மலினும்தான் மூலப்பொருள். கேரளத்தில் பெரும்பாவூர், வடக்கே யமுனாநகர் போன்ற இடங்களில் பிளைவுட் ஆலைகள் அடர்த்தியாக இருக்கின்றன. முறையாக நடத்துபவர்கள் மானியமில்லாத தொழிற்சாலை ரக யூரியாவை 18 சதவீத ஜிஎஸ்டி கட்டி வாங்குகிறார்கள். அந்த விலை கட்டாது என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கள்ள வழி ஓடுகிறது. கால்நடைத் தீவனம், டீசல் வண்டிகளுக்கான யூரியா கரைசல் ஆகியவற்றுக்கும் மானிய யூரியா போவதுண்டு.

இதைத் தடுக்கத்தான் 2015 முதல் மானிய யூரியா முழுவதற்கும் வேப்ப எண்ணெய் பூச்சு கட்டாயமானது. பலர் இதை ஒரு பூட்டு என்று நம்புகிறார்கள். குறைந்தபட்ச அளவு 0.035 சதவீதம், 45 கிலோ மூட்டைக்குக் கணக்கிட்டால் 16 கிராம் கூட இல்லை. பசை காய்ச்சுபவரை இது பெரிதாகத் தடுக்காது. பூச்சின் பயன் வேறு: அது ஒரு அடையாளக் குறி. பிடிபட்ட பொருள் மானிய யூரியாதான் என்று காட்ட அந்த 16 கிராம்தான் நம் கையில் இருக்கும் சான்று.

முதல் தகவல்

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, தனியார் சில்லறைக் கடை ஒன்றின் பெயரில் 260 மூட்டை யூரியா வந்தது. மறுநாள் காலை வந்த புகார் கடத்தலைப் பற்றியதே அல்ல. யூரியா கேட்டால் நுண்ணூட்டக் கலவையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள் என்று இரண்டு விவசாயிகள் வேளாண்மை அலுவலரிடம் முறையிட்டார்கள். அந்த அலுவலரே உர ஆய்வாளராகவும் அறிவிக்கப்பட்டவர். அன்று மதியமே கடைக்குப் போனார்.

கடையில் 60 மூட்டை இருந்தது. இருப்புப் பதிவேடு 60, பிஓஎஸ் 60, விலைப்பலகை 60. மூன்றும் ஒத்துப்போயின. வழக்கமான ஆய்வு இத்துடன் முடிந்து, கட்டாயக் கூட்டு விற்பனைக்கு ஒரு விளக்க நோட்டீஸோடு போயிருக்கும்.

அவர் விற்பனைப் பட்டியலை நேரவாரியாக எடுக்கச் சொன்னார். திங்கள் இரவு 8.40-க்கும் 10.05-க்கும் இடையே 11 பேர் 200 மூட்டை வாங்கியிருந்தார்கள். ஒன்பது பேர் தலா 20, இரண்டு பேர் தலா 10. தொகை 53,300 ரூபாய், எல்லாம் ரொக்கம். ஒவ்வொருவரும் தனிநபர் உச்சவரம்புக்குள்ளேயே இருந்ததால் கருவி யாரையும் தடுக்கவில்லை. நில ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக விற்பனையை மறுக்கவும் இன்றைய முறையில் இடமில்லை.

தென்னைக்கு யூரியா வைக்கும் காலம் ஜூன்-ஜூலை, டிசம்பர்-ஜனவரி. மரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ, ஏக்கருக்கு 70 மரம் என்றால் 91 கிலோ, சுமாராக இரண்டு மூட்டை. 20 மூட்டை என்பது பத்து ஏக்கர் தோப்பின் ஓராண்டுத் தேவை. அதை மார்ச் மாத இரவு ஒன்பது மணிக்கு யாரும் வாங்கிப் போவதில்லை.

முதல் முடிவு: கேட்காமல் விடுவது

இரவு விற்பனையைப் பற்றிக் கடைக்காரரிடம் அவர் வாயே திறக்கவில்லை. கூட்டு விற்பனைக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இதற்குள் சரக்கு எல்லை தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அலுவலகத்தில் எழுந்தது, எழ வேண்டியதும்தான். ஆனால் அந்த நேரத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருப்பது 11 பில்களும் ‘விவசாயிகள் வந்து வாங்கினார்கள்’ என்ற பதிலும் மட்டுமே. காகிதத்தில் அந்த விற்பனை முழுக்கச் சட்டப்படியானது. பொருள் எங்கே என்று தெரியாமல் வழக்கு நிற்காது.

அடுத்த இரண்டு நாள் கிராம நிர்வாக அலுவலர்களின் அடங்கலோடு (நில, பயிர்ப் பதிவேடு) 11 பெயர்களும் ஒப்பிடப்பட்டன. நான்கு பேருக்கு நிலமே இல்லை. இரண்டு பேரின் முகவரி வேறு வட்டத்தில். மீதி ஐந்து பேருக்கும் சேர்த்து ஆறு ஏக்கர் தென்னை. ஆண்டு முழுவதற்கும் 12 மூட்டை போதும். அவர்கள் பெயரில் மட்டும் 100 மூட்டை ஏறியிருந்தது.

சரக்கு போன இடம் சுமைப்பணியாளர் ஒருவர் வழியாகத் தெரிந்தது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு எண்ணிக்கை மறக்காது. “கடைல அறுபதுதானுங்க எறக்குனோம். மிச்சத்தோட வண்டி நேரா நார் மில்லுக்குப் போச்சுங்க,” என்றார். நான்கு கிலோமீட்டர் தள்ளி மூடிக்கிடந்த தென்னை நார் ஆலையின் கொட்டகை அது. இரவில் விளக்கு எரிகிறது, தையல் மெஷின் சத்தம் கேட்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

இரண்டாவது முடிவு: எங்கே நிறுத்துவது

லாரியைக் கொட்டகையிலேயே பிடிப்பதா, எல்லைச் சோதனைச் சாவடி வரை விட்டுப் பிடிப்பதா என்பதில் காவல் துறைக்கும் வேளாண் துறைக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

உர நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 1973-ன்படி அனுமதியின்றி உரத்தை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதும் அதற்கு முயல்வதும் குற்றம். ஆனால் முயற்சி எங்கே தொடங்குகிறது? பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு நெல் ஏற்றிப் போன ஒரு லாரி எல்லைக்கு முன்பே சமால்கா சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட வழக்கில், அது ஆயத்தம் மட்டுமே, முயற்சி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1968-ல் தீர்ப்பளித்தது. ஓட்டுநர் மனம் மாறித் திரும்பியிருக்கலாம் என்பது அதன் தர்க்கம். எனவே கொட்டகையில் பிடித்தால் மாநிலம் கடத்தும் முயற்சி என்ற குற்றச்சாட்டு ஏறக்குறைய கைவிட்டுப் போகும்.

சாவடியில் பிடித்தாலோ கையில் இருப்பது பெயரில்லாத வெள்ளைச் சாக்குகள் மட்டும். அவை எந்தக் கடையிலிருந்து வந்தன என்று காட்டும் காலிச் சாக்குகள் அதற்குள் அடுப்புக்குப் போயிருக்கும். எங்கள் பார்வையில் கொட்டகையைத் தேர்ந்தெடுத்ததுதான் சரி. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன் 25-வது பிரிவு, உரத்தைப் பயிருக்கல்லாத பயனுக்கு விற்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்கிறது. அதை நிறுவத் தேவையானவை எல்லாம் கொட்டகைக்குள்தான் இருந்தன.

கொட்டகையில் கண்டவை

வெள்ளிக்கிழமை விடியற்காலை, லாரியில் சுமை ஏறிக்கொண்டிருந்தபோது குழு உள்ளே போனது. உர ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், காவல் சார்பு ஆய்வாளர், சாட்சிகளாக இருவர்.

லாரியில் 126 வெள்ளைச் சாக்கு, தரையில் 54. ஒவ்வொன்றிலும் ‘தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும், 50 கிலோ’ என்று அச்சு. மூலையில் மானிய யூரியாவின் பொதுப் பெயரான ‘பாரத் யூரியா’ அச்சிட்ட காலிச் சாக்குகள், இருபது இருபதாகச் சணலால் கட்டி, பத்துக் கட்டு. 200 மூட்டையை 45-ஆல் பெருக்கினால் 9,000 கிலோ. 180 சாக்கை 50-ஆல் பெருக்கினாலும் அதே 9,000. மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில்) இந்தக் கணக்கை இரண்டு வரியில் எழுதியது பின்னால் மிகவும் கைகொடுத்தது. பிஓஎஸ் பட்டியல், காலிச் சாக்கு, நிரம்பிய சாக்கு மூன்றையும் ஒரே நூலில் கோத்தது அதுதான்.

கையடக்கத் தையல் மெஷின், நீல நூல்கண்டு, பிளாட்பாரத் தராசு, சல்லடை, விரித்தபடி ஒரு தார்ப்பாய். தார்ப்பாயின் மடிப்புகளில் வெண்மாவு படிந்திருந்தது, வேப்ப எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. லாரியில் ஏற்றிய சாக்குகளில் அந்த வாடை மங்கலாக இருந்தது. தரையில் இருந்த 54-ல் தூக்கலாக. முதல் தொகுதியை வெயிலில் பரப்பிச் சலித்திருக்கிறார்கள், இரண்டாவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஓட்டுநரிடம் இருந்த பில்லில் சரக்கின் பெயர் கால்நடைத் தீவனக் கலவை. இந்தப் பெயர் தற்செயலானதல்ல. கால்நடைத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விலக்குப் பட்டியலில் உள்ள பொருளுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) தேவையில்லை. தொழிற்சாலை ரக யூரியா என்று எழுதியிருந்தால் இ-வே பில் எடுக்க வேண்டும், வண்டி எண் கணினியில் ஏறிவிடும். சாக்கில் ஒரு பெயர், பில்லில் இன்னொரு பெயர் என்ற முரண்பாட்டை அங்கேயே ஓட்டுநரின் வாக்குமூலத்தோடு பதிவு செய்தார்கள்.

சாக்குகள் அனைத்தும் எடைபோடப்பட்டன. லாரியில் இருந்தது 6,250 கிலோ, தரையில் இருந்த சாக்குகளில் 2,700, தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளியதில் 25. 9,000-க்கு இன்னும் 25 கிலோ குறைவு. சலித்த தூளும் சிந்தலும் அந்த அளவுக்கு இருக்கும்.

மாதிரி எடுத்த விதம்

லாரிச் சரக்கு, கொட்டகைச் சரக்கு, கடையில் எஞ்சிய 60 மூட்டை ஆகிய மூன்றும் தனித்தனித் தொகுதிகளாகக் கொள்ளப்பட்டன. கடைச் சரக்கிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று யோசித்ததே இந்த வழக்கின் நல்ல முடிவு. அதே லோடில் வந்து, கைபடாமல் இருந்த ஒப்பீட்டுச் சரக்கு அது.

ஆணையின் அட்டவணைப்படி 126 சாக்குக்கு மூன்றிலிருந்தும், 54-க்கும் 60-க்கும் தலா இரண்டிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரிக் குழலை மூட்டையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காகச் செலுத்தி எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்து, தலா 400 கிராம் வீதம் மூன்று பொட்டலம். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று சம்பந்தப்பட்டவருக்கு, ஒன்று மேலதிகாரிக்கு.

விடியற்காலைப் பனியில் திறந்த வெளியில் யூரியாவைப் பரப்பக் கூடாது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா நீரை உறிஞ்சத் தொடங்கும். பிறகு ஈரப்பத அளவு விதியை மீறிப் போய், எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் இலவசமாகக் கிடைக்கும். இங்கே கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு பாலித்தீன் விரிப்பில் விரைவாகப் பகுத்து, கனமான பாலித்தீன் பையில் கட்டி முத்திரையிட்டார்கள்.

ஆய்வக அறிக்கையில் வந்த சிக்கல்

கடை மாதிரியும் கொட்டகை மாதிரியும் தரமானவை என்று வந்தன. லாரி மாதிரிக்கு வந்த அறிக்கை: தரமற்றது, வேப்ப எண்ணெய் அளவு விதியில் சொன்னதைவிடக் குறைவு.

கொட்டகையை வாடகைக்கு எடுத்தவரின் வழக்கறிஞர் இதை உடனே பிடித்துக்கொண்டார். வேப்ப எண்ணெய்ப் பூச்சு இல்லாததால் இது மானிய யூரியா அல்ல, தொழிற்சாலை ரகம், எனவே உரக் கட்டுப்பாட்டு ஆணையே பொருந்தாது என்பது வாதம்.

ஆய்வகத்தின் மேல் பிழையில்லை. படிவம் கே-யில் அனுப்பிய குறிப்பில் கேட்டிருந்தது தரம் பற்றி மட்டும். உரம் தரத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று சொல்வதற்கான படிவம் அது. திசைமாற்றத்தை நிறுவுவதற்கு வகுத்ததல்ல. இங்கே தேவைப்பட்ட கேள்வி வேறு: வேப்ப எண்ணெய் கொஞ்சமாவது இருக்கிறதா, எவ்வளவு? தனிக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, விதித்த அளவில் பாதிக்குச் சற்று மேல் இருக்கிறது என்ற எண் வந்தது. தொழிற்சாலை ரகத்தில் இந்தப் பூச்சு இருக்கவே இருக்காது. சலித்ததில் தேய்ந்துபோன மிச்சம் இது என்பதற்குச் சல்லடையும் தார்ப்பாயும் ஏற்கெனவே மகஜரில் இருந்தன.

வேப்ப எண்ணெய் இருப்பது மானிய யூரியா என்பதற்குச் சான்று. இல்லாமலிருப்பது அப்படியல்ல என்பதற்குச் சான்றாகாது. விசாரணைக்குப் போகும் ஆய்வாளர் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நடவடிக்கைகளும் விளைவும்

கடையின் விற்பனை அனுமதி முதலில் இடைநிறுத்தப்பட்டு, விளக்கம் கேட்ட பிறகு ரத்தானது. இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் 1955-ன் 7-வது பிரிவின் கீழ் கடைக்காரர், கொட்டகை எடுத்தவர், ஓட்டுநர் மூவர் மீதும் வழக்கு. சரக்கு இன்னதென்று தனக்குத் தெரியாது என்றார் ஓட்டுநர். இந்தச் சட்டத்தின் 10-சி பிரிவு குற்ற மனநிலை இருந்ததாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது.

ரேகை வைத்த 11 பேரையும் எதிரிகளாக்கலாமா என்ற யோசனை வந்து, கைவிடப்பட்டது. அவர்களில் மூன்று பேர், ஆளுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு விரல் வைத்ததாகவும் மூட்டையைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை என்றும் நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். கடைக்காரரைக் கொட்டகையோடு இணைக்கும் நேரடிச் சான்று அதுதான். அவர்களையும் எதிரிப் பட்டியலில் சேர்த்திருந்தால் அது கிடைத்திருக்காது.

சட்டத்தின் 6-ஏ பிரிவின் கீழ் பறிமுதல் நடவடிக்கை தனியாக நடந்தது. கொட்டகைச் சரக்கை, கட்டுப்பாட்டு விலைக்கே கூட்டுறவுக் கடன் சங்கம் வழியாக விற்க உத்தரவானது. அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: அந்த யூரியா ஏற்கெனவே பிஓஎஸ்-இல் விற்றதாகப் பதிவாகி, மானியக் கணக்கிலும் ஏறிவிட்டது. மறுபடி கருவியில் ஏற்றினால் ஒரே மூட்டைக்கு இரண்டாம் முறை மானியம். ஆட்சியரின் உத்தரவு எண்ணைக் குறிப்பிட்டுக் கைப்பில் போட்டு விற்றார்கள்.

லாரிச் சரக்கின் கதி மோசம். தரமற்றது என்று அறிக்கை இருப்பதால் விவசாயிகளுக்கு உரமாக விற்க வழியில்லை. ஆறேகால் டன்னும் கிடங்கில் கிடந்து, தென்மேற்குப் பருவ ஈரத்தில் பாறையாக இறுகியது.

வாடகைக்கு ஓடும் வண்டியைப் பறிமுதல் செய்யுமுன், அதற்கு ஈடாக அபராதம் கட்டும் வாய்ப்பை உரிமையாளருக்குத் தர வேண்டும். அபராதம், ஏற்றிய பண்டத்தின் அன்றைய சந்தை விலையைத் தாண்டக் கூடாது. எந்த விலை? கட்டுப்பாட்டு விலையே கணக்கில் கொள்ளப்பட்டது: சுமார் 37,000 ரூபாய். கட்டிவிட்டு லாரி வெளியே போனது. பொருளை எந்த விலைக்கு விற்கப் போனார்களோ அந்த விலையை வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு என்பது எங்கள் கருத்து. துறைத் தரப்பில் அந்த வாதத்தை யாரும் எழுத்தில் வைக்கவில்லை.

வாங்கவிருந்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பில்லில் இருந்த தீவன வியாபாரியின் முகவரியில் பூட்டிய அறை ஒன்றுதான் இருந்தது. குற்ற வழக்கு விசாரணையில் இருக்கிறது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

இருப்புச் சரிபார்ப்பு மட்டும் ஆய்வாகாது. இந்தக் கடையின் கணக்கில் ஒரு மூட்டை கூட இடறவில்லை. மாவட்ட அளவில் மாதந்தோறும் எடுக்கும் அதிகம் வாங்குவோர் பட்டியலும் இதைக் காட்டியிருக்காது. 20 மூட்டைக்காரர் அதில் மேலே வருவதில்லை. விற்பனை நேரம், அடுத்தடுத்த ரேகைகளுக்கு இடையேயான நிமிடங்கள், அந்த மாதத்தின் பயிர்த் தேவை ஆகிய மூன்றையும் வட்டார அளவில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

திசைமாற்றச் சந்தேகத்தில் எடுக்கும் மாதிரிக்கு, படிவத்தோடு தனிக் கடிதம் முதல் நாளே போக வேண்டும்: வேப்ப எண்ணெய் இருக்கிறதா, சதவீதம் என்ன, ஒப்பீட்டு மாதிரியோடு எப்படி நிற்கிறது. இங்கே அந்தக் கடிதம் தாமதமானதில் வழக்கு சில மாதம் தள்ளாடியது.

தரையில் கூட்டிய 25 கிலோவிலும் தார்ப்பாய்த் தூளிலும் மாதிரி எடுக்கவில்லை. சலித்ததில் பிரிந்த தூளில் பூச்சு கூடுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணாகக் காட்ட இருந்த ஒரே வழி அது. காலிச் சாக்குகளை எண்ணி முத்திரையிட்டார்கள். ஆனால் அவற்றில் அச்சிட்ட தொகுதி எண்ணை, கடைக்கு அனுப்பிய மொத்த விற்பனையாளரின் அனுப்புகைப் பட்டியலோடு அன்றே ஒப்பிட்டு மகஜரில் சேர்க்கவில்லை. பின்னால் சேர்த்தபோது குறுக்கு விசாரணையில் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வணிகவரித் துறையை அன்று காலையே அழைத்திருக்க வேண்டும். பொய்ப் பெயரில் பில் போட்டவரின் முந்தைய பில்கள், அவை சென்ற ஊர்கள், பணம் வந்த கணக்கு எல்லாம் அவர்களால்தான் எடுக்க முடியும். மூன்று வாரம் கழித்துக் கடிதம் போனபோது அவருடைய ஜிஎஸ்டி பதிவே ரத்து செய்யப்பட்டிருந்தது.